விடுபட்ட எழுத்துகள்: அகதித் தமிழும் கணனி அட்டவணைகளும்

எமது பழைய இதழ்களை என்ன செய்வது என்ற கேள்வி இப்போது பல இடங்களில் எழுப்பப்படுகின்றது. 1990களில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் அகதித் தமிழர்கள் வெளியிட்ட சஞ்சிகைகள், ஊர்ச் சங்க மலர்கள், தமிழ்ப் பாடசாலைப் புத்தகங்கள், நினைவு மலர்கள் எனப் பலவும் கணனியில் எழுதப்பட்டவை. அவற்றின் கோப்புகள் பிளொப்பிகளிலும் இறுவட்டுகளிலும் பழைய கணனிகளிலும் கிடக்கின்றன. திறந்தால் தமிழ் தெரிவதில்லை. "பக்கங்களைப் படம் எடுத்து வைத்துவிட்டால் போதும், அந்தக் கோப்புகளோடு மாரடிக்கத் தேவையில்லை" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முதல், எங்களுடைய எழுத்துகள் எங்கே, எப்படி விடுபட்டன என்ற வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

திரையில் ஓர் எழுத்து காணாமல் போவது தொழில்நுட்பக் கோளாறு என்றே நாங்கள் நினைக்கிறோம். பல சமயங்களில் அது அப்படியல்ல. அது திரையில் காணாமல் போவதற்கு வெகுகாலம் முன்பே, எங்கோ ஓர் அட்டவணையில் அதற்கு இடம் கொடுக்கப்படாமல் இருந்திருக்கும். அந்த அட்டவணை யாரை மனதில் வைத்துப் போடப்பட்டது என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நான்கு அறிகுறிகள்

ஒரு தமிழ்ப் பாடசாலைக்கென எழுதப்பட்ட அகராதிச் செயலி ஒன்றைத் திருத்தும் வேலை சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தது. கணனியில் நிறுவிப் பயன்படுத்தும் செயலி. தமிழ், ஜேர்மன், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே திரையில் வரவேண்டும். ஜேர்மனும் ஆங்கிலமும் ஒழுங்காக வந்தன. தமிழ்ப் பகுதி மட்டும் நான்கு விதமாகப் பழுதாகியிருந்தது. இந்த நான்கையும் பிரித்தறிவது அவசியம். ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்கு மருந்தே இல்லை.

முதலாவது வெற்றுப் பெட்டி. எழுத்துக்கு வேண்டிய எண் கோப்பில் சரியாக இருக்கின்றது; ஆனால் செயலி கேட்கும் எழுத்துருவில் அந்த எண்ணுக்குரிய வடிவம் இல்லை. ஒவ்வோர் எழுத்துருவிலும் முதலாவதாக வைக்கப்படுவது 'வடிவம் இல்லை' என்பதைக் காட்டும் உருதான். அநேகமாக அது ஒரு பெட்டி. கணனிக்காரர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயர் தோஃபு. கூகிள் நிறுவனம் வெளியிட்ட நோட்டோ எழுத்துருக் குடும்பத்தின் பெயரே 'தோஃபு வேண்டாம்' என்பதிலிருந்து வந்ததுதான். எனக்கு வந்த செயலி தானே எழுத்துகளை வரைந்தது; ஒரேயொரு எழுத்துருவின் பெயர்தான் அதற்குச் சொல்லிவைக்கப்பட்டிருந்தது. அந்த எழுத்துருவில் தமிழ் கிடையாது. இலவசமாக வழங்கக்கூடிய தமிழ் எழுத்துரு ஒன்றைச் செயலியோடு சேர்த்துக் கட்டி, 'முதலாவதில் இல்லாவிட்டால் இரண்டாவதில் தேடு' என்று வரிசை கொடுத்ததும் பெட்டிகள் மறைந்தன. பெட்டி கண்டால் பயப்படத் தேவையில்லை. எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கின்றது.

இரண்டாவது புள்ளிகளால் ஆன வட்டம். கொம்போ விசிறியோ தனக்குரிய மெய்யில்லாமல் தனித்து நிற்கும்போது இது வரும். பழைய எழுத்துருக்களில் 'கெ' என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில், முதலில் கொம்பு, பிறகு ககரம் என்று எழுதினோம். யுனிகோடில் உச்சரிக்கிற ஒழுங்கு: முதலில் ககரம், பிறகு எகரக் குறி. ஒழுங்கை மாற்றாமல் எண்களை மட்டும் மாற்றினால், கொம்பு முன்னால் அநாதையாக நிற்கும். கணனி அதற்கு ஒரு புள்ளிவட்டத்தைத் துணைக்கு வைக்கும். இதுவும் திருத்தக்கூடியதே.

மூன்றாவது அந்நிய எழுத்துகள். பாமினியில் எழுதிய 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினி இல்லாத கணனியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். யுனிகோட் கோப்பை மேற்கைரோப்பிய எழுத்தாக எண்ணித் திறந்தால், மேற்குறியிட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' குறியும் மாறிமாறி வரும். இரண்டிலும் எண்கள் கெடவில்லை. எந்த அட்டவணையைக் கொண்டு வாசிப்பது என்ற தகவல்தான் தொலைந்திருக்கின்றது.

நான்காவது கேள்விக்குறி. இதுதான் ஆபத்தானது. தமிழுக்கு இடமில்லாத ஒரு தரவுத்தளத்துக்குள் தமிழைக் கொட்டினால், அது தனக்குத் தெரியாத ஒவ்வோர் எண்ணையும் அழித்துவிட்டு அவ்விடத்தில் கேள்விக்குறியைப் போடும். யுனிகோடில் 'தமிழ்' என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து எண்கள். ஆகவே ஐந்து கேள்விக்குறிகள். மிஞ்சுவது அந்த எண்ணிக்கை மட்டுமே. அதிலிருந்து தமிழை மீட்க எந்தச் செயலியாலும் முடியாது.

2. கணனிக்கு முந்திய கதை

தமிழை இன்னொருவருடைய இயந்திரத்துக்குள் புகுத்தும் வேலை எங்களோடு தொடங்கியதல்ல. 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சாயிற்று. மொழி தமிழ், எழுத்து ரோமன். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம்தான் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் மிகப் பழைய நூல்களில் ஒன்று.

ஜேர்மனியில் வாழும் எங்களுக்கு இன்னொரு செய்தி முக்கியமானது. சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகத்துக்கு 1713இல் வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டவை. அவை அளவில் மிகப் பெரியவையாக இருந்தன. அதே எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கடதாசி போதாது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து 1715இல் வேலையை முடித்தார்கள். தூரத்தில் இருந்துகொண்டு செய்து அனுப்பிய எழுத்தை, பயன்படுத்துகிறவர்கள் தங்கள் தேவைக்குத் திரும்ப வார்க்க வேண்டியிருந்தது. இந்தக் கதை பிறகும் திரும்பத் திரும்ப வருகின்றது.

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று சொல்லப்படும் ஆர். முத்தையா யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போனவர். அவரும் புலம்பெயர்ந்தவரே. தமிழின் 247 எழுத்துகளையும் நூறுக்கும் குறைந்த இடங்களுள் அடக்குவது எப்படி என்பதே அவர் முன்னிருந்த பிரச்சினை. எழுத்தைத் துண்டாக்கினார். மெய்யும் குறியும் தனித்தனி விசைகள். புள்ளியையும் விசிறியையும் அடிக்கும்போது உருளை நகராது; எழுத்தும் குறியும் ஒரே இடத்தில் விழும். 'நகராவிசை' என்று அதற்குப் பெயர். அவருடைய பொறியையும் செய்து கொடுத்தது ஒரு ஜேர்மன் நிறுவனமே. டிரெஸ்டன் நகரின் சைடல் அன்ட் நவ்மன். தமிழைத் துண்டுகளாகப் பார்க்கும் இந்தப் பார்வை முத்தையாவிலிருந்து நேராக எங்கள் கணனிக்குள் வந்தது. பாமினி விசைப்பலகையின் நடுவரிசையில் ய, ள, ன, க, ப என்று வருவது பழைய தட்டச்சு ஒழுங்குதான்.

3. தனித்தனித் தீவுகள்

1980களில் ஐரோப்பாவில் வந்த அகதிச் சஞ்சிகைகள் பல கையெழுத்தில் எழுதிப் போட்டோப்பிரதி எடுக்கப்பட்டவை. பிறகு கணனி வந்தது. கனடாவில் ஆதமி, மலேசியாவில் முரசு, சுவிற்சர்லாந்தின் லொசானில் வாழ்ந்த கல்யாணசுந்தரத்தின் மயிலை, எங்களவர் மத்தியில் பெருவழக்கான பாமினி என்று பல முயற்சிகள் தோன்றின. இவற்றின் பின்னால் அரசும் இல்லை, பெரிய நிறுவனமும் இல்லை. தனி மனிதர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்தவை. இவர்கள் இல்லையென்றால் 1990களின் புலம்பெயர் எழுத்து இன்று எங்கள் கையில் இருக்கும் அளவுக்கு வந்திருக்காது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அவர்கள் செய்த தந்திரம் என்ன? கணனிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை வைத்துக்கொண்டு, அதன் வடிவத்தை மட்டும் தமிழாக மாற்றினார்கள். லிஸ்பனில் உள்ளே தமிழும் வெளியே ரோமனும் இருந்தது. இங்கே உள்ளே ரோமன், வெளியே தமிழ். கணனியைப் பொறுத்தவரை நாங்கள் அர்த்தமற்ற ஆங்கிலம் எழுதிக்கொண்டிருந்தோம்.

எந்த எண்ணில் எந்தத் தமிழ் எழுத்தை வைப்பது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்மானித்தார்கள். ஆகவே ஒரு சஞ்சிகைக்கு எழுதிய கட்டுரையை இன்னொரு சஞ்சிகை வாங்கிப் போடுவதற்கு, கோப்போடு எழுத்துருவையும் பிளொப்பியில் அனுப்ப வேண்டும். பல எழுத்துருக்களில் அடிக்கடி வராத எழுத்துகள் விசைகளில் இல்லை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்ணைத் தட்டித்தான் அவற்றை வரவழைக்கலாம். இவை 128க்கு மேற்பட்ட இடங்களில் இருந்தபடியால், கோப்பு விண்டோஸிலிருந்து மக்கின்ரோஷுக்குப் போகும்போது வேறெதுவாகவோ மாறிவிடும். இரண்டும் அந்த மேற்பாதியை வெவ்வேறு விதமாக எண்ணின. அருகி வரும் எழுத்துகளே முதலில் தொலைந்தன. ஙகர வரிசையும் ஞகர வரிசையும் அடிக்கடி அடிபட்டன. எழுத்து கிடைக்காத இடத்தில் சொல்லையே மாற்றி எழுதியவர்களை நான் அறிவேன். இந்தச் சொல் மாற்றங்களுக்கு எந்தச் சான்றும் இன்று கிடையாது. இயந்திரம் அனுமதிக்காத சொல் அச்சுக்கே வரவில்லை.

4. மேசைக்கு வராத மொழிகள்

இந்தத் தீவுகளை இணைக்க வேண்டும் என்ற குரல் 1990களின் பிற்பகுதியில் வலுத்தது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழிணையம் மாநாடு நடந்தது. அடுத்தது 1999 பெப்ரவரியில் சென்னையில். அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டு அரசு, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த டாப், தமிழ் மட்டுமேயான டாம் என இரண்டு அட்டவணைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இதற்கு இணையாக, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கியது திஸ்கி.

256 இடங்கள். கீழ்ப்பாதி 128 ஆங்கிலத்துக்கு. மேற்பாதி 128 தமிழுக்கு. இதுவே திஸ்கியின் அடிப்படை. ஆனால் மேற்பாதியின் எல்லா இடங்களும் வெறும் இடங்களல்ல. திஸ்கியின் முந்திய பதிப்பில் 'இ' என்ற எழுத்து 173ஆம் இடத்தில் இருந்தது. பல செயலிகளுக்கு 173 ஓர் எழுத்தே அல்ல. சொல்லை உடைக்க வேண்டி வந்தால் மாத்திரம் வெளிப்படும் மறைமுக இணைகோடு. அவை அந்த எண்ணைக் கண்டதும் எதையும் காட்டாமல் விட்டுவிடும். 'இலங்கை' என்பது 'லங்கை' ஆகும்; 'இவர்' என்பது 'வர்' ஆகும். எழுத்துருவில் வடிவம் இருந்தது, கோப்பில் எண் இருந்தது, இருந்தும் எழுத்து வரவில்லை. கடைசியில் 1.7ஆம் பதிப்பில் இகரத்துக்கு 254ஆம் இடம் கொடுக்கப்பட்டது. உயிரெழுத்துகளுள் ஒன்று, யாரோ எப்போதோ இணைகோட்டுக்கு ஒதுக்கிய நாற்காலியில் இருந்த காரணத்தால் எழுப்பி விடப்பட்டது.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. அதைப் பற்றி எங்களுள் யாரும் போதிய அளவு எழுதவில்லை. திஸ்கியும் டாப்பும் 'இருமொழி' அட்டவணைகள் எனப்பட்டன. இரண்டாவது மொழி ஆங்கிலம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் ரொறொன்ரோவுக்கும் இது பொருத்தமே. ஜேர்மனியிலும் நோர்வேயிலும் பிரான்சிலும் இருந்த அகதிக்கு இரண்டாவது மொழி ஆங்கிலமல்ல. ஜேர்மன் மொழியின் புள்ளியிட்ட மூன்று உயிர்களும் 'எஸ்செற்' எழுத்தும், நோர்வேஜிய மொழியின் மூன்று மேலதிக எழுத்துகளும், பிரெஞ்சின் மேற்குறியிட்ட எழுத்துகளும் அதே மேற்பாதி 128இலேயே இருந்தன. தமிழ் அங்கே குடியேறியதும் அவை வெளியேற வேண்டியதாயிற்று. மூனிச் என்ற நகரத்தின் ஜேர்மன் பெயரை ஒரு திஸ்கி வரியில் எழுதினால், அதன் நடுவே ஒரு தமிழ் எழுத்து வந்து குந்தியிருக்கும். தமிழ்ப் பாடசாலைகளில் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது தமிழ்-ஜேர்மன் அகராதி. அதற்கு ஒவ்வொரு வரியிலும் இரண்டு எழுத்துருக்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஓரிடத்தில் மாற்ற மறந்தால் வரி முழுவதும் குப்பை.

யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்களுடைய வாழ்க்கையில் இந்தத் தேவை இருக்கவில்லை. எமது தேவையை எடுத்துச் சொல்வதற்கு நாங்களும் அமைப்பாகப் போகவில்லை. மாநாடுகள் கூட்டுவதில் எங்களவர் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் எழுத்து அட்டவணை பற்றி ஒரு தீர்மானம் போட்ட புலம்பெயர் அமைப்பு எதையும் நான் காணவில்லை.

5. யுனிகோட்: வெற்றிடங்களும் விருந்தாளிகளும்

இதே காலத்தில், எங்களுடைய விவாதங்களுக்கு முன்னரே, இன்னோர் அட்டவணை வெளிவந்துவிட்டது. 1991 ஒக்ரோபரில் வெளியான யுனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை. ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்கே உரிய எண். தமிழுக்கு 128 இடங்கள். இன்று அவற்றுள் 72 நிரம்பியிருக்கின்றன.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையிலிருந்து. எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டத்துள் அடக்குவது இஸ்கியின் திட்டம். ககரம் எல்லாவற்றிலும் ஒரே வரிசை இடத்தில் வரும். ஆகவே யுனிகோடின் தமிழ்ப் பகுதியில் ககரத்துக்கு அடுத்து மூன்று வெற்றிடங்கள் இருக்கின்றன. தேவநாகரியில் அங்கே வேறு மூன்று ககரங்கள் உண்டு. எங்களிடம் இல்லாத எழுத்துகளுக்காக இடம் காலியாக விடப்பட்டது. தமிழில் பயன்படாத அனுஸ்வாரக் குறி ஒன்று விருந்தாளியாக வந்து இருக்கின்றது. 'தமிழில் பயன்படுவதில்லை' என்று யுனிகோடே குறிப்பெழுதி வைத்திருக்கின்றது. அதேவேளை ஶகரத்துக்கு 2005 வரை இடமில்லை. தமிழ் எண்களில் ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரம் என்பவையும் இருந்தன. சுழியம் 2005இல்தான் வந்தது. முந்திரி, காணி, மா, வீசம் முதலான பின்னங்களும் பழைய அளவைக் குறிகளும் 2019இல் யுனிகோட் 12ஆம் பதிப்பில் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டன. பழைய சுவடிகளையும் காணிக் கணக்குகளையும் படியெடுப்பவர்கள் அதுவரை அந்த இடங்களைச் சொல்லால் விளக்கினார்கள், அல்லது படமாக ஒட்டினார்கள்.

எண் கிடைத்த அன்றே எழுத்து கிடைத்துவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் 2000தான் தமிழ் யுனிகோடை லதா எழுத்துருவுடன் தந்த முதல் விண்டோஸ். அட்டவணையில் வந்து ஒன்பது வருடங்கள் கழித்தே அது சாதாரண மேசைக் கணனிக்கு வந்தது. அந்த ஒன்பது வருடங்களும் அகதிச் சஞ்சிகைகளின் செழிப்பான காலம். பாமினியைவிட்டு ஏன் மாறவில்லை என்று எங்களை இப்போது கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மாறுவதற்கு அன்று ஒன்றும் இருக்கவில்லை.

ஓர் எழுத்துக்குள் எவ்வளவு அரசியல் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. 1957இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'சிறீ' வந்ததும், தமிழர் அதை எதிர்த்ததும், தார் பூசிய போராட்டங்களும் 1958 கலவரத்துக்கு முந்திய மாதங்களின் வரலாறு. இன்று கணனியில் 'ஸ்ரீ' வேறொரு சிக்கலைத் தருகின்றது. முன்னர் அது ஸகரத்தில் தொடங்கி எழுதப்பட்டது. 2005இல் ஶகரம் வந்தபின் அதில் தொடங்கியும் எழுதப்படுகின்றது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். எண்கள் வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. நாட்டின் பெயரையே ஒரு தொகுப்பில் தேடினால் பாதி இதழ்கள் விடுபடலாம்.

6. மறுதரப்பின் நியாயம்

யுனிகோடைக் குறை சொல்பவர்களிடமும் நியாயம் உண்டு. 247 எழுத்துகளையும் முழு எழுத்துகளாக வைத்திருக்க வேண்டும், 'கி' என்பது ஓர் எழுத்தே தவிர ககரமும் ஒரு குறியும் அல்ல என்று அவர்கள் சொல்கிறார்கள். தமிழ் இலக்கணத்தின்படி இது சரியே. இப்பார்வையில் உருவான டேஸ்-16 என்ற அட்டவணையை, யுனிகோட் பயன்படாத இடங்களுக்கு மாற்றாக, 2010 யூனில் தமிழ்நாட்டு அரசும் ஏற்றது. ஆனால் அது இருப்பது யுனிகோடின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில். அங்கே எவரும் எதையும் வைக்கலாம். அதற்குரிய எழுத்துரு இல்லாத கணனியில் அந்தத் தமிழ் வெறும் பெட்டிகளாகவே தெரியும். பாமினிக் காலத்தின் தீவு வாழ்க்கைக்கு நாங்கள் மீண்டும் போவதாகும்.

அதே 2010இல் கிரந்த எழுத்துகளைத் தமிழ்ப் பகுதியோடு சேர்க்கும் முன்மொழிவு ஒன்று தமிழ்நாட்டில் பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. பின்னர் 2014இல் கிரந்தம் தனிப் பகுதியாகவே இடம்பெற்றது. கேட்டால் மாறும், எதிர்த்தால் நிற்கும் என்பதற்கு இது சான்று. யுனிகோட் கல்லில் வெட்டியதல்ல.

எனது நிலைப்பாடு இதுதான். யுனிகோட் தமிழை இந்தியச் சட்டமொன்றுக்குள் வைத்துப் பார்த்தது உண்மை. ஆயினும் தமிழையும் ஜேர்மனையும் நோர்வேஜியத்தையும் ஒரே வரியில், ஒன்றையொன்று வெளியேற்றாமல் இருக்கவிட்ட முதல் அட்டவணை அதுவே. இலக்கண நியாயம் ஒருபுறம் இருக்க, இரண்டு மொழிகளில் வாழ்கின்ற அகதிப் பிள்ளைக்கு வேண்டியது இதுதான்.

7. பழைய கோப்புகள்

இனித் தொடக்கக் கேள்விக்கு வருகிறேன். படம் எடுத்து வைத்தால் போதாதா?

படம் அவசியம். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பொதுவில் வைத்திருப்பது எங்கள் தலைமுறை செய்த பெருங்காரியங்களுள் ஒன்று. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. ஆனால் படத்தில் இருக்கும் சொல்லைத் தேட முடியாது. படத்தை எழுத்தாக்கும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. மங்கிய போட்டோப்பிரதியில் அவை ரகரத்தையும் காலையும், ளகரத்தையும் ஔகாரக் குறியையும் மாற்றிப் போடுகின்றன. கோப்பு கையில் இருந்தால் இந்த மயக்கம் இல்லை. அன்று எழுதியவர் அழுத்திய விசை எதுவோ அது அப்படியே அதில் பதிந்திருக்கின்றது.

சிக்கல் ஒன்றுதான். எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதைப் பல கோப்புகள் சொல்வதில்லை. தட்டச்சுச் செய்தவருக்குத் தெரியும், ஆசிரியருக்குத் தெரியும். தலைப்புக்கு ஒரு எழுத்துரு, உள்ளடக்கத்துக்கு இன்னொன்று என்று கலந்து எழுதிய இதழ்களும் உண்டு. இந்த அறிவு எந்தக் காப்பகத்திலும் இல்லை. அது அறுபதும் எழுபதும் கடந்த சிலருடைய ஞாபகத்தில் இருக்கின்றது. அவர்களுள் சிலர் ஏற்கெனவே எங்களோடு இல்லை.

இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை. ஓர் ஊர்ச் சங்கம், போரில் கொல்லப்பட்ட, காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் ஊரவரின் பெயர்களை வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தது. பிற்காலத்தில் அந்தப் பட்டியலை யாரோ ஒரு தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அது மேற்கைரோப்பிய எழுத்துக்கு மட்டும் அமைக்கப்பட்ட தரவுத்தளம். திருத்தித் தரும்படி என்னிடம் வந்தபோது பெயர் என்ற நிரலில் கேள்விக்குறிகள் மாத்திரம் இருந்தன. வயது இருந்தது, திகதி இருந்தது. இலக்கங்களுக்கு எந்த அட்டவணையிலும் இடமுண்டு. பெயர் இல்லை. மூலக் கோப்பை 'இனித் தேவையில்லை' என்று அழித்திருந்தார்கள். கடைசியில் ஒரு பழைய நினைவு மலரின் அச்சுப் பிரதியை வைத்துப் பெரும்பாலான பெயர்களைத் திரும்ப எழுதினோம். மலர் வெளிவந்த பிறகு சேர்க்கப்பட்ட பெயர்களுக்கு உறவினர்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. சில வரிகள் இன்னும் கேள்விக்குறிகளாகவே இருக்கின்றன.

இதிலிருந்து என்ன செய்யலாம்? பழைய சஞ்சிகைகளையும் சங்கப் பதிவுகளையும் வைத்திருப்பவர்களிடம் நான் முன்வைப்பவை இவை:

மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்கக் கூடாது. மாற்றம் செய்வது பிரதியில்தான். கோப்போடு அதன் எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வைக்க வேண்டும். எழுத்துருவின் பெயர், எழுதிய வருடம், விண்டோஸா மக்கின்ரோஷா என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். யுனிகோடுக்கு மாற்றியபின், அச்சுப் பிரதியை அருகில் வைத்து ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். கொம்புகள், அருகி வரும் எழுத்துகள், 'ஸ்ரீ' ஆகியவற்றில் விசேட கவனம் வேண்டும். பழைய எழுத்துக்கூட்டலை இன்றைய வழக்குக்குத் 'திருத்த'க் கூடாது. முடிந்தபின் படத்தையும் எழுத்தையும் ஒன்றாகவே காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. யுனிகோடில் புதிதாக ஓர் எழுத்தையோ குறியையோ சேர்க்கக் கேட்பவர், அது உண்மையில் பயன்பட்டது என்பதற்கு அச்சிலோ சுவடியிலோ சான்று காட்ட வேண்டும். பின்னங்களும் அளவைக் குறிகளும் அப்படித்தான் உள்ளே வந்தன. அடுத்த முறை மேசையைச் சுற்றி அமர்பவர்கள் எங்களிடம் சான்று கேட்டால், நீட்டுவதற்கு எங்கள் கையில் இருப்பது இந்தப் பழைய தாள்களும் கோப்புகளும்தான். 1990களில் நாங்கள் போகாமல் விட்ட அந்த மேசைக்கு இனியாவது போக வேண்டும் என்பது என் எண்ணம்.

படம் மட்டும் போதும் என்பவர்கள் தங்கள் காரணங்களை எழுதட்டும், விவாதிக்கலாம். ஆனால் விவாதம் முடியும்வரை பிளொப்பிகளைக் குப்பையில் போட வேண்டாம். அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்களிடம் இந்த வாரமே ஒருமுறை பேசிவிடுங்கள்.